தையோடு முடிந்த பாடங்கள்

சித்திரையில் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடிய மறுவாரமே பொன்னாயி அக்கா புத்தகம் கேட்டுக் கிளம்பிவிடுவார். தோளில் ஒரு உரச்சாக்குப் பை, அதற்குள் சாமை அரிசி. மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் வளப்பூர் நாட்டில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஆறாவது முடித்த பிள்ளை உள்ள வீட்டு வாசலில் நின்று, புத்தகமெல்லாம் கிழியாமல் இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் ஒரு படி சாமையை முறத்தில் கொட்டிவிட்டு வாங்கிக்கொள்வார். சாமை வேண்டாம் என்பவர்களுக்கு மரவள்ளிக் காட்டில் அரைநாள் களை வெட்டிக் கொடுப்பார். காசு கொடுத்து ஒரு புத்தகமும் வாங்கியதில்லை. கையில் இருக்கிற காசு மகளின் வைத்தியத்துக்குப் பஸ் ஏறுவதற்கே சரியாகப் போகும்.

ஊரில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. மேல்வீட்டு ராமாயி ஒருநாள் வழிமறித்து, “ஏம்புள்ள பொன்னாயி, பழைய புஸ்தகத்துக்கு யாவாரி பேரீச்சம்பழந்தான் குடுப்பான், நீ சாமையே அளக்கறே. எங்கூட்டுல மாமனாரு காலத்துப் பஞ்சாங்கம் ஒண்ணு கெடக்குது, அதுக்கு எத்தன படி?” என்று கேட்டாள்.

அக்கா நடையை நிறுத்தவில்லை. “அதுக்கு நீங்கதானுங்க எனக்கு அளக்கோணும், படிச்சுச் சொல்றதுக்கு” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவருடைய மகள் யமுனாவுக்கு வலிப்பு வரும். அஞ்சாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே படித்தாள். ஆறாவதுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். போன முதல் மாதத்திலேயே வகுப்பில் ஒரு தரம் விழுந்தாள். அடுத்த தரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஸ்டாப்பில் கொட்டிவைத்திருந்த ஜல்லி மேல் விழுந்தாள். நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது. தினமும் கூடப் போய்வர அக்காவால் முடியாது. அவர் கணவர் பூபதி மழைக்காலம் முழுக்கக் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டு, மிளகு பழுக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். காடும் ஆடும் அக்காவின் பொறுப்பு. ஒருநாள் பள்ளிக்குப் போய் மகளின் பெயரை நீக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

“நான் எட்டாவது வரைக்கும் போனவதானே. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிக் குடுத்துக்கறேன்” என்று அப்போது சொன்னாராம்.

நர்ஸ் ரோஸ்லின் அக்காதான் யமுனாவை நாமக்கல்லுக்கு அனுப்பி வைத்தியம் தொடங்க வைத்தவர். அவர் சமவெளியிலிருந்து வேலைக்கு வந்து செம்மேட்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் இருப்பவர். மாதாமாதம் மாத்திரையும் அவர் மூலமாகத்தான் வரும். மாத்திரை தொடங்கிய பிறகு வலிப்பு குறைந்தது. போன வருஷம் ஒரு தரம்கூட வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் பஸ்ஸில் தனியாகவே அனுப்பலாம் என்று ரோஸ்லின் அக்கா சொல்லியிருந்தார்.

அதை வைத்துத்தான் பொன்னாயி அக்கா ஒரு திட்டம் போட்டிருந்தார். இந்த வருஷம் எட்டாவது பாடத்தை வீட்டிலேயே முடிப்பது. தனித்தேர்வராக எட்டாவது பரீட்சை எழுதவைப்பது. அடுத்த ஆனியில் ஒன்பதாவதில் சேர்த்துவிடுவது. நாலு வீடு தள்ளி இருக்கும் கவிதாவும் அப்போது ஒன்பதாவதுக்கு வருவாள். கவிதாவும் யமுனாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒன்பதாவதில் திரும்ப ஒரே பெஞ்சில் உட்காருவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். பெஞ்சில் யார் ஓரத்தில் உட்காருவது என்பது வரைக்கும் சண்டை போட்டு முடிவு செய்தாகிவிட்டது.

நான் ராசிபுரத்தில் டிகிரி முடித்து ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். நான் எழுதிப்போட்ட வேலைகளிலிருந்து எனக்குத்தான் ஒரு காகிதமும் வரவில்லை. படித்த படிப்பு எதற்கு ஆகும் என்று எனக்கே பிடிபடாத நாட்களில், வைகாசிக் கடைசியில், பொன்னாயி அக்கா வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். எட்டாவதுக்கு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாராம். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று நான் ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம்.

அந்த வீட்டில் முன்னறையின் ஒரு பக்கத்தைப் பாடத்துக்கென்று ஒதுக்கியிருந்தார். டீக்கடைக்காரர் கழற்றிப் போட்ட பிளைவுட் கதவுக்குக் கருப்புப் பெயின்ட் அடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. ஊர்ப் பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்குத் தைக்கிற ஊசியால் சணல் கோத்துத் தைத்துப் புது நோட்டுகள் செய்திருந்தார். சிலதில் ஒற்றைக்கோடு, சிலதில் கட்டம், நடுவில் நாலு பக்கம் கோடே இல்லாமல். அட்டைக்கு ரோஸ்லின் அக்கா கொடுத்த தினசரி காலண்டர் அட்டை. ஜியாமெட்ரி பாக்ஸ் ரோஸ்லின் அக்கா மகனுடையது. காம்பஸ் மட்டும் இல்லை, அதற்குப் பதில் ஒரு ஆணியும் நூலும். எட்டாவதுப் புத்தகம் வளப்பூரில் கிடைக்காமல், குண்டனி நாட்டில் ஒரு வீட்டில் இரண்டு பலாப்பழம் கொடுத்து வாங்கி வந்திருந்தார். பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறியதற்குக் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டதைச் சொல்லி அவரே சிரித்தார்.

எனக்கு எல்லாமே திருத்தமாக இருப்பதாகத்தான் தோன்றியது. அதைச் சொன்னேன். அக்கா வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். யமுனா ஆடு ஓட்டிப் போயிருந்தாள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, என்னைக் கூப்பிட்டதன் காரணத்தைச் சொன்னார்.

“கண்ணு, நான் சொல்றத யாருகிட்டயும் சொல்லிராத. பத்து நாளா எட்டாவது கணக்கு ஆரம்பிச்சுப் பாத்தேன். மொதக் கணக்கே ஓடல. போன வருசம் வரைக்கும் சொன்னதும் புடிச்சுக்குவா. இப்ப முழிக்கறா. எனக்கும் அந்தக் கணக்கு வெளங்கல, அது வேற. ஆனா அவளுக்கே ஒண்ணும் ஓடல. அந்த மாத்திரை தின்னு தின்னு மூளை மந்தமாயிருச்சோன்னு இருக்குது.”

மாத்திரையைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். ரோஸ்லின் அக்காவிடம் கேட்டால் திட்டுவார் என்று கேட்கவில்லையாம். நான் பயந்துபோய், அப்படி எதுவும் செய்துவிட வேண்டாம், யமுனா வரட்டும், நான் ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

யமுனா வந்ததும் கரும்பலகையில் சில கணக்குகள் போட்டேன். பெருக்கல், வகுத்தல் எதிலும் தடுமாற்றம் இல்லை. விகிதக் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டாள். பிறகு அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். அவள் கையில் சாக்பீஸோடு நின்றாள். கழித்தல் குறி போட்ட ஒரு எண்ணை எழுதினேன். “முன்னால எதுவுமே இல்லாம எதுல இருந்துக்கா கழிக்கறது?” என்று கேட்டாள். எட்டாவதின் முதல் பாடம் இந்த இரண்டையும் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. இந்த இரண்டும் ஆறாவதிலேயே வருபவை.

ஆறாவது புத்தகத்தைக் கேட்டேன். அக்கா பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த கட்டை எடுத்து வந்தார். முதல் பருவப் புத்தகம் இருந்தது. இரண்டாம் பருவத்துடையதும் இருந்தது. ஏழாவதைக் கேட்டேன். அதிலும் அவை இரண்டும்தான்.

“மூணாவது எங்கீங்கக்கா?”

“எது மூணாவது?”

ஆறுக்கும் ஏழுக்கும் வருஷத்துக்கு மூன்று புத்தகம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் படித்த காலத்தில் ஒரே புத்தகம். இப்போது பிள்ளைகள் சுமக்க முடியாது என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார். எந்த வீட்டில் கேட்டாலும் இரண்டுதான் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் இல்லையென்றால் சந்தேகம் வரும். எல்லா வீட்டிலும் இரண்டு என்றால் இரண்டுதானே.

எல்லா வீட்டிலும் ஏன் இரண்டு என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்றாம் பருவப் புத்தகம் பொங்கல் லீவு முடிந்து கொடுப்பார்கள். எங்கள் ஊரில் தை பிறந்தால் மரங்களில் படர்ந்த கொடிகளில் மிளகு பறிப்பு. பங்குனி வரைக்கும் ஏணி பிடிக்க, கீழே விழும் மிளகுச் சரம் பொறுக்க, காய வைத்ததைக் கோழி கிளறாமல் பார்க்க, ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளைகளின் கை தேவை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதும் அதே சமயம். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. அவர்கள் பேருக்கு வந்த புத்தகம் பள்ளி பீரோவிலேயே புது வாசனையோடு இருந்துவிடும். சித்திரையில் பரீட்சைக்குப் போய் உட்காருவார்கள். எப்படியோ அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

பொன்னாயி அக்காவும் சின்ன வயதில் அப்படித்தான் படித்தார். எந்த வருஷமும் தைக்குப் பிறகு அவர் வகுப்பில் இருந்ததே இல்லை. புத்தகத்தின் கடைசிப் பாடங்களை ஆசிரியர் நடத்தும்போது அவர் மரத்தின் மேல் இருந்தார். அதனால் வீட்டில் அவர் நடத்திய பள்ளிக்கூடமும் பொங்கலோடு முடிந்தது. இரண்டு வருஷமும், போகி அன்று பலகையைத் துடைத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மிளகுக்குப் போனார். பாடத்தை நிறுத்துகிறோம் என்றே அவர் நினைக்கவில்லை. வருஷம் முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு மிளகுக்கொடிகூடக் கிடையாது. கூலிக்குப் பறிக்கப் போவார். கூலிக்குச் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் எனக்குப் போக இடம் பள்ளிக்கூடம்தான். பாதிக்கு மேல் காலியாக இருக்கும் வகுப்பில் நானும் இரண்டொருவரும் உட்கார்ந்து பின்னமும் வட்டியும் படித்தோம். நான் கெட்டிக்காரி, அதனால் டிகிரி வாங்கினேன் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த இரண்டு கட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்களுக்கும் நாலு மரத்தில் கொடி இருந்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று நினைத்தேன்.

யமுனாவை ஆட்டைக் கட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவர் முகம் தெளிந்தது.

“அப்ப புள்ளைக்கு மூளையில ஒண்ணுமில்லீல்ல?”

“ஒண்ணுமில்லீங்கக்கா. அவ படிக்காத பாடம் அது. நாம நடத்தல.”

“நாமன்னு சொல்லாத கண்ணு. நாந்தான்.”

இரண்டு வகுப்புக்கும் சேர்த்து எத்தனை பாடம் விட்டுப்போயிருக்கும் என்று கேட்டார். கணக்கு மட்டுமா, எல்லாமுமா என்று கேட்டார். எல்லாமும்தான் என்றேன். தமிழ், அறிவியல், சமூக அறிவியல், எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு. அவர் தலையைக் குனிந்து, தான் தைத்த நோட்டின் சணல் முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

அப்போது யமுனா உள்ளே வந்தாள். அக்கா மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நல்லதா என்று அப்புறம் பல தரம் யோசித்திருக்கிறேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் மூன்றாவது புத்தகம் ஒன்று உண்டு, அது தனக்குத் தெரியாமல் போய்விட்டது, அதனால்தான் இந்தக் கணக்கு வரவில்லை, உன் மேல் தப்பில்லை என்று சொன்னார்.

யமுனா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குத் தெரியுமேம்மா. கவிதா காட்டுனா.”

“எப்ப?”

“ஆறாவது படிக்கறப்பவே. நாம மொளகு பறிச்சுட்டு இருந்தோமில்ல, அப்ப புதுப் புஸ்தகம் வந்துருக்குதுன்னு கொண்டாந்து காட்டுனா. ஏழாவதுலயும் காட்டுனா.”

“ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?”

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். “மொளகுக்கு ஆளு வேணும்னு நீயே அத உட்டுட்டேன்னு நெனச்சேன். எல்லாரு ஊட்டுலயும் அப்படித்தானே.”

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பெண், தன் அம்மா தெரிந்தேதான் தன்னைப் படிப்பிலிருந்து எடுத்து மரத்தடியில் நிறுத்தினார் என்று நினைத்துக்கொண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லையென்றும் நினைத்துக்கொண்டு, ஏணி பிடித்திருக்கிறாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது தனக்கும் நடக்கிறது, அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியாது சாமி. நெசமாத் தெரியாது” என்றார் அக்கா.

“செரிம்மா” என்றாள் யமுனா.

அன்று சாயந்திரமே கவிதா அவளுடைய இரண்டு வருஷத்து மூன்றாம் பருவப் புத்தகங்களையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். கவிதாவின் அம்மா கலைச்செல்விக்குச் சத்துணவு மையத்தில் சமையல் வேலை. காலையில் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார், தையானாலும் மாசியானாலும். அதனால் அந்த வீட்டில் மூன்றும் இருந்தன. எல்லா வீட்டிலும் ஏறி இறங்கிய பொன்னாயி அக்கா அந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை. கவிதாவும் யமுனாவும் ஒரே வகுப்பு. கவிதா படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தை எப்படிக் கேட்பது. ஒரு வருஷம் முன்னால் படித்த பிள்ளைகளைத் தேடித்தான் அவர் நாடு முழுக்க நடந்தார்.

ஆனியிலிருந்து நானும் தினமும் போகத் தொடங்கினேன். அக்காவுக்குத் தெரியாத பாடங்களை நான் எடுத்தேன். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். பின்னத்தை ரொட்டியை வெட்டிச் சொல்லிக்கொடுப்பது போலப் புத்தகத்தில் இருந்தது. அக்கா பலாச்சுளையை எடுத்து வந்தார், அது வழுக்கியதில் கணக்கும் வழுக்கியது, மூன்று பேரும் சிரித்தோம். அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. மற்ற நாட்களில் அவர் ஒரு பாடம் முடிந்ததும் பக்கங்களைப் புரட்டி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். விட்டுப்போனதை முடித்தால்தான் எட்டாவதைத் தொட முடியும். எட்டாவதோ ஒரே தடிப் புத்தகம்.

பூபதி அண்ணன் குடகிலிருந்து போனில் பேசும்போது, விட்டதை விட்டுவிட்டு எட்டாவதை மட்டும் நடத்தி எழுதவைத்தால் என்ன என்று கேட்டாராம். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறதா என்று அக்கா என்னைக் கேட்டார். கூரைக்கு முன்னால் சுவர் வேண்டுமே என்று நான் ஏதோ சொன்னேன். படித்தவர்கள் சொல்வது போல இருந்தது எனக்கே.

தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது ஆறாவதின் பாக்கி முடிந்து ஏழாவதின் பாக்கியில் பாதியில் நின்றோம். யமுனா எழுதிப் பார்த்துவிடுகிறேன் என்றாள். கவிதாவும் வந்து, தானும் சொல்லித் தருகிறேன், சனி ஞாயிறு முழுக்க இங்கேயே இருக்கிறேன் என்று கெஞ்சினாள். அக்கா என்னை வாசலுக்குக் கூட்டி வந்தார்.

“எழுதுனாப் பாஸாவாளா கண்ணு? நீ பாத்துட்டுத்தானே இருக்கே. உள்ளதச் சொல்லு.”

ஆவாள் என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை ஆகியும் இருப்பாள். எனக்கு அப்போது தோன்றியதைத்தான் சொன்னேன். சொல்ல முடியாது, எழுதித் தோற்றால் அவளுக்குத் தன் தலையின் மேலேயே சந்தேகம் வந்துவிடும் என்றேன். அக்கா தலையாட்டினார். உள்ளே போய் மகளிடம், இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் எழுதலாம் என்றார். யமுனா அழவில்லை. கவிதாதான் அழுதாள். பெஞ்சில் ஓரத்து இடத்தை யமுனாவுக்கே விட்டுக்கொடுத்துவிடுவதாக அழுதுகொண்டே சொன்னாள். இனி அந்த இடத்தால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

புரட்டாசியில் கொடிகளில் சரம் இறங்கியிருந்த சமயம் மிளகு வியாபாரி குப்புசாமி எங்கள் ஊருக்கு வந்தார். கொடியில் இருக்கும்போதே விலை பேசி எடுத்துக்கொள்வது அவர் தொழில்; பறிப்பதற்கு அவரே ஆள் கொண்டுவருவார். ஆள்பலம் இல்லாத வீட்டுக்காரர்கள்தான் அப்படிக் கொடுப்பார்கள். பொன்னாயி அக்கா அவரைக் கூப்பிட்டு எல்லா மரத்தையும் காட்டினார்.

“ஏனுங்க, கைகால் நல்லாத்தானே இருக்குது உங்களுக்கு? நீங்களே பறிச்சா வர்றதுல பாதிதான் என்னால தர முடியும். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?” என்றார் குப்புசாமி.

“தெரிஞ்சுதானுங்க. இந்தத் தடவ எல்லாம் தெரிஞ்சுதான்.”

புள்ளை படிப்புக்கென்று தெரிந்ததும் குப்புசாமி சிரித்தார். தன் மகன் மிளகுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவன், இந்த அம்மா பள்ளிக்கூடத்துக்காக மிளகை விடுகிறது, இரண்டில் எது பைத்தியம் என்று அடுத்த வருஷம் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றார். விலையைக் கொஞ்சம்கூட ஏற்றவில்லை. பூபதி அண்ணன் ஊருக்கு வந்து விஷயம் தெரிந்தபோது இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் கரும்பலகை சாய்ந்திருந்த சுவரில் ஒரு ஆணி அடித்து, அதை மகள் நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டிக் கொடுத்தார்.

தை பிறந்தது. போகியன்று பலகையை யாரும் திருப்பி வைக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் குப்புசாமியின் ஆட்கள் வந்தார்கள். ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, பழுத்த சரம் பழுக்காத சரம் பாராமல் உருவினார்கள். அன்று நான் போனபோது யமுனா ஜன்னலோரத்தில் எட்டாவது புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஏழாவதின் பாக்கியெல்லாம் முடிந்திருந்தது. கழித்தல் குறி போட்ட எண்கள் இப்போது அவளைத் தடுக்கவில்லை. அக்கா கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரம் ஏணி நகரும்போதும் அவர் தோள் லேசாக அசைந்தது.

“அந்தக் கடைசி மரத்துல ஏணிய மேக்கால சாத்தச் சொல்லும்மா. கெழக்கால சாத்துனாக் கொடி பேந்துக்கும்” என்றாள் யமுனா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

“நீ படி சாமி.”

“படிச்சுட்டேதான் சொல்றேன்.” ஒரு கணக்கைப் போட்டு முடித்து அடிக்கோடு இட்டாள். “நாம ரெண்டு பேரும் பறிச்சிருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும். எனக்கு அது புடிக்கும்மா. நீ மேல இருந்து கதை சொல்லிட்டே பறிப்ப.”

அக்கா திரும்பி மகளைப் பார்த்தார். அந்த இரண்டு வருஷத்துத் தை மாதங்களைத் திருட்டுப்போனவை போலக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தவர் அவர். மகளுக்கு அவை இப்படி ஞாபகம் இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

“எனக்கு அப்பத் தெரியாது சாமி” என்றார். “தெரிஞ்சிருந்தா உட்டுருக்க மாட்டேன்.”

“செரிம்மா. எத்தன தடவ சொல்லுவ.”

யமுனா அடுத்த கணக்குக்குப் போனாள். அவள் நம்பித்தான் சொல்கிறாளா, அம்மா திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்தட்டும் என்று சொல்கிறாளா என்பதை அவள் முகத்திலிருந்து என்னால் படிக்க முடியவில்லை. அக்காவாலும் முடியவில்லை என்று நினைக்கிறேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி மரத்தில் ஏணியை மேற்கே சாய்க்கச் சொல்வதற்காகக் காட்டுக்குள் இறங்கிப் போனார்.